பொறுப்பு ஒப்படைப்பு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் அவர்கள் எனக்கு அளித்த தலைப்பு 'நமது கதை வலையொலியின் வளர்ச்சி' என்பது. பத்து நிமிடமும் அளித்தார். வளர்ச்சியைப் பற்றிப் பேச எழுந்தவன் விடைபெறுதலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்பதை நேற்று மாலைதான் அவரிடம் தெரிவித்தேன். சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்படியானால் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இன்றோடு வலையொலியின் ஆசிரியப் பொறுப்பிலிருந்து நான் விலகுகிறேன். நோயா, இடமாற்றமா, எவரோடேனும் மனவேற்றுமையா என்று முன்வரிசையிலேயே முணுமுணுப்பு எழுவது கேட்கிறது. மூன்றும் இல்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன், இவ்வாண்டு புதிதாக இவ்வூருக்கு மாற்றலாகி வந்திருக்கும் குடும்பத்தினருக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

வலையொலி என்பது வானொலியின் தம்பி. ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றி வைத்துவிட்டால், வேண்டுவோர் வேண்டும் நேரத்தில் தம் கைப்பேசியில் இறக்கிக் கேட்டுக்கொள்ளலாம். இதற்கான ஆங்கிலச் சொல் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்பார் எழுதிய கட்டுரையில் வந்தது. அவரே பல பெயர்களுள் ஒன்றாகத்தான் அதைச் சொல்லிப் பார்த்தார், அது நிலைத்துவிட்டது. வானொலி நிலையம் வைக்க அரசின் உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும். வலையொலிக்கு ஒரு கைப்பேசியும், ஒரு கணினியும், தூக்கத்தைத் துறக்கச் சித்தமாயுள்ள நான்கைந்து பேரும் போதும்.

நமக்கு இந்த எண்ணம் வந்தது வங்காள அன்பர்களிடமிருந்து. கொல்கத்தாவின் மிர்ச்சி வானொலியில் 2009 முதல் 'சண்டே சஸ்பென்ஸ்' என்ற பெயரில் கதைகளை நடித்துப் படித்து வருகிறார்கள். சத்யஜித் ராயின் துப்பறியும் கதைகள் முதல் பேய்க்கதைகள் வரை அதில் வரும். என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் வங்காள நண்பர் ஞாயிறு கேட்டதைத் திங்களன்று கோப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கு விவரிப்பார். ஒருநாள் அவர் கேட்டார்: "உங்கள் மொழியில் நல்ல கதைகள் உண்டு என்று சொல்வாயே, அவற்றை உன் மகன் கேட்டிருக்கிறானா?" அக்கேள்வி வீடு வரை என்னோடு வந்தது.

என் மகனுக்குத் தமிழ் பேசத் தெரியும், சொன்னால் புரியும். படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, வங்காளம், வீட்டில் தமிழ். இக்கரக்பூரில் இரயில்வே குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நிலை இதுவே. தமிழ் அவர்கள் செவியில் இருக்கிறது, கண்ணில் இல்லை. நம் சங்க நூலகத்தின் அலமாரியில் கல்கியும் புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் பூட்டிய கண்ணாடிக்குள் வீற்றிருக்கிறார்கள். வெளியே நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு அவை சித்திர எழுத்துக்கள். எழுத்தைக் கற்பிக்க நாம் எடுத்த முயற்சிகள் எல்லாம் தேர்வுக் காலம் வந்ததும் கரைந்து போயின. ஆகவே, எழுத்தைத் தாண்டிக் கதையைச் செவிக்கே கொண்டு போவோம் என்று 2018ஆம் ஆண்டு பொங்கல் விழா முடிந்த இரவில் ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்தோம். மாதம் இரண்டு கதை. எவருக்கும் ஊதியம் இல்லை.

ஐவருள் நால்வருக்குக் குரல் நன்றாக இருந்தது. எனக்கு மட்டும் வாய்க்கவில்லை. ஆகையால் என்னை ஆசிரியனாக்கினார்கள். அவையோர் சிரிக்கலாம், உண்மை அதுதான்.

ஒலிப்பதிவு நடந்தது என் வீட்டின் பின்னறையில். மரக்கொடியில் இரண்டு ரஜாய்களைத் தொங்கவிட்டு அவற்றுக்கு நடுவே முக்காலி போட்டு வாசிப்பவரை அமர்த்துவோம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அதன் இரைச்சல் பதிவில் விழும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊரில் ரஜாய்க்குள் உட்கார்ந்து கதை படித்த தாய்மார்களின் பொறுமையைப் பற்றித் தனியே ஒரு மலர் போடலாம். இத்தனைக்கும் மேலே, ஊர் இரயில்வே ஊர். கதாநாயகி கண்ணீர் விடும் இடத்தில் யார்டில் எஞ்சின் ஊதும். மாலையில் கோரமண்டல் போய்ச் சேர்ந்த பிறகு சற்று அமைதி என்று கணக்கிட்டுத் தொடங்குவோம். அப்போது பார்த்து ஒரு சரக்கு வண்டி நீளமாகப் போகும். 2020 மார்ச் 22ஆம் நாளோடு பயணி வண்டிகள் நாடெங்கும் நிறுத்தப்பட்டனவே, அந்த வாரங்களில்தான் முதன்முறையாக நம் பதிவுகள் தூய்மையாக வந்தன. கேட்பதற்கு நன்றாக இருந்தது. கேட்கக் கேட்க வயிற்றைப் பிசைந்தது. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. அவற்றின் ஊதலைக் கேட்டபோது வெட்டியெறிய மனம் வரவில்லை. அம்மாதங்களில்தான் நம் வலையொலியைக் கேட்போர் இவ்வூர் எல்லையைத் தாண்டினர். பிலாஸ்பூரிலிருந்தும் டாடாநகரிலிருந்தும் கடிதங்கள் வந்தன.

ஆசிரியன் என்றால் என்ன வேலை என்று பலரும் கேட்டதுண்டு. முதல் வேலை கதையைத் தேர்வது என்று நினைப்பீர்கள். இல்லை, உரிமையைத் தேடுவது. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை அவர் படைப்பின் உரிமை வாரிசுகளுக்கு உரியது. கு.ப.ரா. 1944இல் மறைந்தார், புதுமைப்பித்தன் 1948இல், கல்கி 1954இல். இவர்கள் கதைகளைப் படிக்கத் தடையில்லை. பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கியுள்ளது, அவற்றுக்கும் தடையில்லை. மற்றவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் இது எனக்குத் தெரியாது. 'பழைய கதைதானே' என்று ஓர் எழுத்தாளரின் கதையை ஏற்றிவிட்டேன். அவருடைய மகள் மிகவும் கண்ணியமாக ஒரு கடிதம் எழுதினார்: "என் தந்தையாரின் கதையை நீங்கள் படித்தது மகிழ்ச்சி. என்னைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்." அன்றே அக்கதையை இறக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் ஒரு பதிவேடு வைத்தேன். எவரிடம் என்று கேட்டோம், அவர் என்று இசைந்தார், என்ன நிபந்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். குமாஸ்தாவின் கைக்கு ஏற்ற வேலை அது. அந்தப் பதிவேட்டைப் பற்றி மட்டும் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

அடுத்த வேலை வெட்டுவது. 'ஆடாசிட்டி' என்றொரு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பதிவு செய்த ஒலி அதில் மலைத்தொடர் போலத் திரையில் தெரியும். பிழையாகப் படித்த வரி, இருமல், நாற்காலி நகரும் ஓசை, எஞ்சின் ஊதல் ஆகியவற்றை அடையாளமிட்டு வெட்டி எடுத்துவிடலாம். ஒட்டியது தெரியாது. இவ்வித்தை கைவந்த நாளில் நான் அடைந்த மயக்கத்தை மறைக்க மாட்டேன். என் சறுக்கலும் அதில்தான் தொடங்கிற்று.

ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டுநர் ஒருவரின் துணைவியார் நமக்காகப் பல கதைகள் படித்தார். எழுபதைக் கடந்தவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் மூச்சை இழுக்கும் ஓசை கேட்கும். நடுவில் வெற்றிலையை ஒதுக்குவார். பெரிய துயரச் செய்தி வரப்போகிறது என்றால், அதற்கு முன் ஒரு கணம் நின்றுவிடுவார். எனக்கு இவையெல்லாம் அழுக்காகத் தோன்றின. மூன்று இரவுகள் விழித்திருந்து அவர் படித்த ஒரு கதையிலிருந்து மூச்சுக்களை எல்லாம் களைந்தேன். கதை ஆற்றுநீர் போல ஓடிற்று. அவரிடம் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு வியப்போடு, "நான் மூச்சே விடலையா தம்பி?" என்றார். நான் சிரித்தேன். அதன்பின் அவர் படித்த கதைகள் அனைத்தையும் அவ்வாறே செய்தேன்.

ஈராண்டுகளுக்குப் பிறகு அவர் காலமானார். விசாகப்பட்டினத்தில் பணிபுரியும் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்து, வெட்டாத மூலப்பதிவு ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டார். அவர் கேட்டதன் பொருள் எனக்கு உடனே விளங்கிற்று. கணினியில் இடம் போதவில்லை என்று மூலப்பதிவுகளை நான் அழித்துவிட்டிருந்தேன். "இருப்பது நீங்கள் இணையத்தில் கேட்டதுதான்" என்றேன். "சரிங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா அப்படிப் பேச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நன்றியும் கூறி வைத்துவிட்டார். அவர் கடிந்து பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை. 'மூலத்தை அழிக்கலாகாது' என்ற பாடத்தை மட்டும் கற்றேன். புதிய வன்தட்டு ஒன்று வாங்கினேன். என் செவியில் குறை உண்டு என்பதைக் கற்கவில்லை.

இனிச் சொல்லப்போவதற்கு அக்குடும்பத்தின் மூத்தவரிடம் இசைவு பெற்றிருக்கிறேன். நம்மவர் வீட்டுப் பெண் ஒருவர், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, தாமே ஒரு கதை எழுதி அனுப்பினார். ஏழு ஆண்டுகளில் இவ்வூரிலே பிறந்த பிள்ளை ஒன்று தமிழில் எழுதிய கதை நமக்கு வந்தது அதுவே முதல் தடவை. எதற்காக இந்த வலையொலியைத் தொடங்கினோமோ அதன் பலன் கைக்கு வந்துவிட்டது. எழுத்துத் தெரியாதாகையால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். ஒரு பாட்டியைப் பற்றிய கதை. சொந்த ஊர் வீட்டை விற்று ஆண்டுகள் பல ஆகியும், அதன் சாவியைப் பாட்டி இடுப்பில் முடிந்துகொண்டிருக்கிறாள். ஒருநாள் அது காணாமற் போகிறது. வீடே தேடுகிறது. இல்லாத வீட்டின் சாவியை ஏன் தேடுகிறோம் என்று எவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை.

அதில் பாட்டி பேசுவாள்: "பல்டிக்குள்ள பாருடி, சாபி விழுந்திருக்கும்." பேத்தி சொல்வாள்: "பாட்டி, டண்டா தண்ணிக்குள்ள கை விட முடியாது." இப்படிப் பக்கம் முழுவதும். ஆங்கில எழுத்திலிருந்து தமிழெழுத்துக்கு மாற்றும்போதே நான் சொற்களையும் மாற்றினேன். பல்டி வாளியாயிற்று. டண்டா தண்ணீர் குளிர்ந்த நீராயிற்று. சாபி திறவுகோலாயிற்று. 'பார்த்தாள், பகர்ந்தாள், பதைத்தாள்' என்று நடையையும் உயர்த்தினேன். திருத்திய கதையை மறுபடி ஆங்கில எழுத்தில் பெயர்த்து அப்பெண்ணிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "அங்கிள், இது என்ன வார்த்தை?" என்று நான்கைந்து இடங்களில் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். பிழையின்றிப் படித்தார். பள்ளியில் உறுதிமொழி படிப்பது போலப் படித்தார்.

கதை வெளிவந்ததும் பாராட்டுக் குவிந்தது. வடக்கே பிறந்த பெண் இத்தனை தூய தமிழ் எழுதுகிறாளே என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதினார். அதை இச்சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன். உங்களுள் பலர் படித்திருப்பீர்கள்.

ஒரு மாதம் கழித்துக் கோல் பஜாரில் காய்கறிக் கடை முன் அப்பெண்ணின் பாட்டியைக் கண்டேன். அவர் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தக் கதையிலே வர்ற பாட்டி யாரு? பேத்தி என்னைப் பத்தி எழுதியிருக்கேன்னு சொன்னா. ஆசையாக் கேட்டேன். நான் எப்போ திறவுகோல்னு சொன்னேன்? எனக்கு அந்தச் சொல்லே தெரியாதே!"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஐயம் தெளியக் கேட்டார். வேறு எவளோ ஒரு கிழவியைப் பற்றிய கதை அது என்று எண்ணிவிட்டார். அந்தப் பெண் தன் பாட்டிக்குக் கொடுத்த பொருளை நான் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டுவிட்டேன் என்பது, கையில் கத்தரிக்காய்ப் பையோடு அங்கே நின்றபோது எனக்குப் புலனாயிற்று.

மறுநாள் இதை அலுவலகத்து வங்காள நண்பரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார். 'சாபி' என்பது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல்லாம். அவர்கள் மொழியில் 'ஷாவ்' என்பார்களாம். வங்காளத்தாரும் இந்திக்காரரும் அதைச் சாபி என்றனர். பிற்பாடு விசாரித்தேன், நாம் அன்றாடம் சொல்லும் 'சாவி'யும் அதே போர்த்துக்கீசியச் சொல்லின் மறு உருவந்தான். ஆகவே ஊரிலே உள்ள பாட்டி சொன்னாலும், கரக்பூர்ப் பாட்டி சொன்னாலும் சொல் ஒன்றே. ஒரு மெய்யெழுத்துத்தான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்துக்காக நான் ஒரு பாட்டியின் வாயை அடைத்துவிட்டேன்.

அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதினேன். "பரவாயில்லை அங்கிள். இப்ப எழுத நேரமில்லை" என்று பதில் வந்தது. வெளியூரில் கல்லூரியில் படிக்கிறார். வேறு கதை வரவில்லை.

இலக்கியத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. இப்போது நான் பேசுவதே அத்தமிழ்தான். எனக்கு மேடையில் வேறு தமிழ் வராது. அது என் குரல். அந்தப் பாட்டிக்கு அது குரல் அன்று. இவ்வேறுபாட்டைச் செவியால் உணர்வதுதான் ஆசிரியன் வேலை முழுவதும். என் செவி அதை உணராதபடி தடித்துப் போயிற்று. தொடக்கத்தில் இப்படியில்லை. ஏழு ஆண்டுகளாக ஒருவனே தேர்ந்து, ஒருவனே திருத்தி, ஒருவனே வெட்டி வந்ததில் எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கின. கேட்போரும் அதற்குப் பழகிவிட்டனர். பாராட்டினர். பாராட்டு இருக்கும்வரை பிழை தெரியாது.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தம், பட்டியல், பணம் முதலியவற்றைக் கையாளும் சில இருக்கைகளில் எவரையும் நான்கு ஆண்டுக்கு மேல் வைப்பதில்லை. மாற்றிவிடுவார்கள். அங்கே இருப்பவன் திருடன் என்பதால் அன்று. ஓர் இடத்தில் நெடுநாள் இருந்தால் அவ்விடமும் அவனும் ஒன்றாகிவிடுவார்கள் என்பதால். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் நான் முணுமுணுத்திருக்கிறேன். சங்கத்தில் அப்படி ஓர் உத்தரவு போட எவருமில்லை. சம்பளம் வாங்குபவனை நீக்கலாம். சம்பளம் வாங்காதவனை எப்படி நீக்குவது? 'பாவம், இத்தனை செய்கிறாரே' என்று எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். நீங்கள் போனீர்கள். என் பிழைகளை எனக்குச் சொன்னவர்கள் மூவர்: தாயை இழந்த ஒரு மகன், ஒரு கிழவி, தமிழறியாத ஒரு வங்காளி. செயற்குழு சொல்லவில்லை. குறையாகச் சொல்லவில்லை, உங்கள் இடத்தில் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

வெளிநாட்டிலே இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சில இரவுகள் தேடிப் பார்த்தேன். 2005 மே மாதத்தில் அமெரிக்காவில் 'எஸ்கேப் பாட்' என்னும் அறிவியற் கதை வலையொலி தொடங்கிற்று. தொடங்கியவர் ஸ்டீவ் ஈலி. இன்று செரா ஈலி என அறியப்படுகிறார். கேட்போர் தரும் நன்கொடையிலிருந்து எழுத்தாளர்க்குச் சன்மானம் அளித்தார்கள். அதை நாம் இன்னும் செய்ய இயலவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2006இல் திகில் கதைகளுக்கென 'சூடோபாட்', 2008இல் மாயக் கதைகளுக்கென 'பாட்காசில்' என்று அது கிளைத்தது. இத்தனையும் வளர்ந்து நிற்கையில், 2010இல் தொடங்கியவரே விலகினார். மர் லாஃபர்ட்டி என்னும் எழுத்தாளர் ஏற்றார். 2012இல் அவர் நார்ம் ஷெர்மனிடம் கொடுத்தார். 2017இல் லாஃபர்ட்டி திரும்பி வந்தார், இம்முறை எஸ். பி. திவ்யா என்பாரும் இணை ஆசிரியராக அமர்ந்தார். இந்தத் திவ்யா நம் புதுச்சேரியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, பொறியியல் துறையில் பணியாற்றி, எழுத்தாளரானவர். அவர் காலத்தில் அவ்வலையொலி ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் ஒருமுறைக்கு மேல் இடம்பெற்றது. 2022இல் அவரும் இடம் விட்டார். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன எண்ணத்தோடு விலகினார்கள் என்று நான் ஆராயவில்லை. ஒருவர் போன பின்னும் கதை ஒலித்தது என்பதை மட்டும் பார்த்தேன். அது எனக்குத் தைரியமும் தந்தது. சற்று வருத்தமும் தந்தது. நாம் இல்லாமலும் நடக்கும் என்பது கேட்க இனிய செய்தி அன்று.

பொருளாளர் அவர்களிடம் இதை முன்கூட்டியே சொன்னபோது அவர் ஓர் எதிர்வாதம் வைத்தார். நல்ல வாதம். மகாளய நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு இவ்வூரில் வீட்டுக்கு வீடு வானொலி ஒலிப்பதை அறிவோம். 1931 முதல் ஒலித்துவரும் 'மகிஷாசுரமர்த்தினி'. பீரேந்திரகிருஷ்ண பத்ரரின் குரல். 1976இல் அதை நிறுத்திவிட்டுத் திரைநடிகர் உத்தம்குமாரைக் கொண்டு வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். உத்தம்குமார் வங்காளத்தின் கண்மணி. ஆயினும் மக்கள் கொதித்தெழுந்தனர். பத்ரரின் குரலே மீண்டு வந்தது. அவர் 1991இல் மறைந்த பிறகும் அக்குரல்தான் ஒலிக்கிறது. "ஓடுகிற வண்டியின் எஞ்சினை ஏன் கழற்றுகிறீர்?" என்றார் பொருளாளர்.

அவருக்கு நான் சொன்ன விடை இது. பத்ரர் குரல். குரலை மாற்றக் கூடாது; நான் மாற்றியதுதான் என் குற்றம். அதே நிகழ்ச்சிக்கு உரை எழுதியவர் வாணிகுமார், இசை அமைத்தவர் பங்கஜ் மல்லிக். நான்கு மணிக்கு எழுந்து கேட்கும் எத்தனை பேர் வாணிகுமாரை நினைக்கிறார்கள்? ஆசிரியன் இருக்க வேண்டிய இடம் அது. நம் வலையொலியில் ஒவ்வொரு கதையின் இறுதியிலும் 'தொகுத்து வழங்கியவர்' என்று என் பெயர் வந்துகொண்டிருக்கிறது. அதைச் சேர்த்தவனும் நான்தான்.

செயற்குழு என் வேண்டுகோளை ஏற்று, இனி ஆசிரியப் பொறுப்பு மூன்று ஆண்டுக்கு மட்டுமே என்றும், ஒருவர் அன்றி இருவர் சேர்ந்தே அதை ஏற்பது என்றும் தீர்மானித்திருக்கிறது. பொறுப்பேற்பவர் ஒரு பள்ளியாசிரியை, மற்றவர் பணிமனையில் தொழில்நுட்பப் பணியிலுள்ள இளைஞர். இருவருக்கும் ஒருவரோடொருவர் கருத்து ஒத்துப்போவதில்லை என்று சிலர் அஞ்சுகிறார்கள். அதற்காகவே அவர்கள் பெயரை நான் சொன்னேன். அவர்களுக்குத் துணை நிற்பேன். ஆயினும் ஓராண்டுக்கு ஒலிப்பதிவு அறைக்குள் வரமாட்டேன். கதவோரம் நின்று 'அப்படியல்ல, இப்படி' என்று முனகும் பழைய ஆசிரியனைப் போன்ற தொல்லை வேறில்லை.

ஒப்படைக்கும் பொருள்களைச் சபையறியச் சொல்லிவிடுகிறேன். இசைவுப் பதிவேடு ஒன்று. அதில் இரண்டு எழுத்தாளர்களிடமிருந்து விடை வரவேண்டியிருக்கிறது. நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். வன்தட்டு இரண்டு, மூலப்பதிவுகள் ஒன்றில், அதன் நகல் மற்றொன்றில், இரண்டையும் ஒரே வீட்டில் வைக்கலாகாது. கடவுச்சொற்கள் எழுதி ஒட்டிய உறை ஒன்று, தலைவரிடம் இருக்கும். ரஜாய் இரண்டு, அவற்றுள் நீலநிறத்தது என் வீட்டு அம்மையாருக்குத் திரும்ப வேண்டுமாம், குளிர்காலம் வருகிறது என்கிறார். அதற்கு மாற்றாகச் சங்கம் ஒன்று வாங்கித் தர வேண்டும்.

இன்னும் ஒரு தாள் இருக்கிறது. அந்தப் பெண் ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிய கதை. மேலே என் சிவப்பு மை. அதன் கீழே அவர் எழுதியது அனைத்தும் படிக்கும்படியாகவே உள்ளது. அவர் இசைந்தால், அவர் எழுதியவாறே பதிவு செய்யலாம். இசையாவிட்டால் உறையிலேயே இருக்கட்டும், யாரும் வற்புறுத்தலாகாது. இன்று இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியார் விரும்பினால் விழா முடிந்தபின் அதை நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். மின்விசிறி ஓடட்டும்.

ஒலிப்பதிவு இனிச் சங்க நூலக அறையில், ஞாயிறுதோறும் மாலை. குரல் கொடுக்க விரும்புவோர் புதிய ஆசிரியர்களிடம் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.